பருவ விரிசல்

பருவ விரிசல் என்பது, உட்தகைவு எஞ்சியுள்ள பித்தளைப் பொருட்கள் அமோனியா கலந்த ஈரக்காற்றில் தாமாகவே வெடிப்பதைக் குறிக்கும். இது தகைவு அரிப்பு விரிசலின் ஒரு வகை ஆகும்.

வரலாறு

பிரித்தானிய இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்த தோட்டாக்களின் பித்தளை உறைகளில் விரிசல்கள் தோன்றின. விரிசலுற்ற உறையைச் சுட்டால் சூடான வளிமம் பின்புறமாகக் கசிந்து, சுடுபவரைக் காயப்படுத்தக்கூடும். இதன் காரணத்தை 1921 ஆம் ஆண்டில் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினர்.

காரணம்

உறைகள் 70% செப்பும் 30% துத்தநாகமும் கொண்ட பித்தளையைச் சூடாக்காமல் இழுத்து உருவாக்கப்படுகின்றன. இதனால் உலோகத்தினுள் தகைவு தங்கிவிடுகிறது. குதிரைச் சிறுநீரிலிருந்து வெளிப்படும் அமோனியா ஈரத்தில் கரைந்து செப்பை அரிக்கிறது. உலோகத்தின் படிகமணி எல்லைகளின் வழியே அரிப்பு உட்செல்ல, உட்தகைவு அதனை விரிசலாகப் பிளக்கிறது. தகைவு, அமோனியா, ஈரம் ஆகிய மூன்றும் சேர்ந்தாலன்றி இது நிகழாது.

தடுப்பு

உறைகளை ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியசு வரை சூடாக்கி ஆற்றினால் தகைவு பெரிதும் நீங்கும். கடினத்தன்மை அதிகம் குறையாது. இதைவிட மிகுதியாகச் சூடாக்கினால் பித்தளை மென்மையாகிவிடும். உறையின் கழுத்து மென்மையாக இருப்பது நன்று. ஆனால் அழுத்தத்தைத் தாங்கும் அடிப்பகுதி கடினமாகவே இருத்தல் வேண்டும். எனவே, சுட்ட உறைகளை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்துவோர் கழுத்துப் பகுதியை மட்டுமே சூடாக்குவர்.