இணையக் கடை வேகமாக இயங்க டெம்ப்ளேட் மட்டும் போதுமா?

2020 ஏப்ரல் 7. கொவிட்-19 காரணமாகச் சிங்கப்பூரில் அத்தியாவசியமற்ற கடைகள் மூடப்பட்டன. லிட்டில் இந்தியாவின் புடவைக் கடைகளும் தப்பவில்லை. பெரும்பாலான கடைகள் மீண்டும் திறக்க ஜூன் 19 வரை காத்திருந்தன. இணையத்தில் கடை இல்லாதவர்களுக்கு அப்போது வியாபாரமே இல்லை.

இன்று அம்மாவின் முறுக்கு, அக்காவின் மருதாணி என எதையும் இணையத்தில் விற்கலாம். அதற்குக் கைகொடுப்பது டெம்ப்ளேட்.

டெம்ப்ளேட் என்றால் என்ன?

தயார்நிலையில் உள்ள கடை வடிவம். பொருள் பட்டியல், கூடை, கட்டணப் பக்கம் எல்லாம் இருக்கும். படமும் விலையும் சேர்த்தால் போதும். ஷாப்பிஃபை 2021இல் வெளியிட்ட 'டான்' இலவசமாகவே கிடைக்கிறது.

சில டெம்ப்ளேட்டுகள் பக்கங்களை முன்கூட்டியே தயாரித்து வைத்துவிடும். ஆள் வந்தபிறகு மாவரைப்பதற்கும், சுட்டு வைத்ததை எடுத்துக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான்!

வேகம் ஏன் முக்கியம்?

பக்கம் திறக்கும் நேரம் 1 விநாடியிலிருந்து 3 விநாடிக்குக் கூடினால், வாடிக்கையாளர் வெளியேறும் வாய்ப்பு 32 விழுக்காடு அதிகரிக்கும் என்று கூகல் 2017இல் கூறியது. எம்ஆர்டி ரயிலில் கைத்தொலைபேசியைப் பார்ப்பவருக்குப் பொறுமை ரொம்பக் குறைவு.

வேகம் எங்கே தொலைகிறது?

பெரும்பாலும் நாம் சேர்ப்பவற்றில்தான். தொலைபேசியில் எடுத்த படம் ஒன்றே பல மெகாபைட் இருக்கும். 20 புடவைப் படங்களை அப்படியே ஏற்றினால் பக்கம் திணறும். திடீரென்று தோன்றும் தள்ளுபடி விளம்பரம், உரையாடல் பெட்டி என ஒவ்வொரு கூடுதல் செயலியும் தன் பங்குக்குச் சுமை சேர்க்கும்.

என்ன செய்யலாம்?

- படங்களைச் சுருக்கி, 'வெப்பி' வடிவில் ஏற்றுங்கள்.

- பயன்படுத்தாத செயலிகளை நீக்குங்கள்.

- கூகலின் 'பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்' தளத்தில் இலவசமாகச் சோதியுங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் தெரிந்தால் நல்லது.

- அலுவலக வைஃபையில் மட்டும் பார்க்காதீர்கள். பழைய தொலைபேசியிலும் திறந்து பாருங்கள்.

தீபாவளிக் கூட்டம் வருவதற்கு முன்பே இதையெல்லாம் முடித்துவிடுங்கள். கடை நெரிசலில் காத்திருக்கும் வாடிக்கையாளர், இணையத்தில் காத்திருக்க மாட்டார்.