கடைசி ஒற்றை உயிருக்கு ஒரு பெயர்

1996 ஏப்ரலில் 'நேச்சர்' அறிவியல் இதழில் சின்னதாக ஒரு கடிதம் வெளியானது. எழுதியவர்கள் ராபர்ட் வெப்ஸ்டர், புரூஸ் எரிக்சன் என்ற இருவர். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லம் ஒன்றிலிருந்து எழுதியிருந்தார்கள். ஒரு பரம்பரையின் கடைசி ஆளைக் குறிக்க ஆங்கிலத்தில் சொல் இல்லை, ஒன்று வேண்டும் என்பதே கடிதத்தின் சாரம். 'எண்ட்லிங்' என்ற சொல்லை அவர்களே முன்வைத்தார்கள்.

மரணப் படுக்கையில் இருந்தபடி, தன் குடும்பத்தில் இனி யாருமில்லை, நான்தான் கடைசி என்று நினைத்த நோயாளிகளைப் பார்த்து வெப்ஸ்டருக்குத் தோன்றிய எண்ணம் அது. இன்று காட்டுயிர் எழுத்தில் புழங்கும் இந்தச் சொல் மனிதரின் தனிமையில் பிறந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது என நினைக்கிறேன்.

இல்லாமற் போனவற்றைக் குறிக்க ஆங்கிலத்தில் சொற்களுக்குப் பஞ்சமில்லை. 'எக்ஸ்டிங்ட்' என்பது தீயை அணைப்பதைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. அணைந்த எரிமலைக்கும் அதுதான், வாரிசில்லாமல் முடிந்துபோன பிரபுப் பட்டத்துக்கும் அதுதான், டோடோ பறவைக்கும் அதுதான். மூடிய கம்பெனி, நின்றுபோன பத்திரிகை என்றால் 'டிஃபங்க்ட்'. அதன் வேருக்குத் தன் கடமையை முடித்துவிட்டவர் என்று பொருள். வழக்கொழிந்தது 'அப்சலீட்'. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி அப்படிப்பட்ட சொல்லுக்கு முன்னால் சிறு கத்தி வடிவில் ஒரு குறி போடும். உயிரியலாளர்களும் அழிந்த இனத்தின் பெயருக்கு முன்னால் அதே குறியைத்தான் போடுகிறார்கள்.

இவையெல்லாம் கதை முடிந்த பிறகு வரும் சொற்கள். இனம் முழுவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிடும். கூண்டுக்குள் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டு, தீனி தின்றுகொண்டு, தன்னைப் போல் இன்னொன்று உலகில் எங்குமே இல்லாமல் நிற்கும் அந்த ஒன்றுக்குப் பெயர் இல்லாமலே இருந்தது. கோடானுகோடியாக அமெரிக்க வானத்தை மறைத்துப் பறந்த பயணப் புறாக்களில் கடைசியான மார்த்தா, 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி மிருகக்காட்சிசாலையில் இறந்தபோதும் அதற்கொரு சொல் கிடையாது.

'நேச்சர்' வாசகர்கள் வேறு சொற்களும் அனுப்பினார்கள். 'டெர்மினார்க்' என்றார் ஒருவர். எதுவும் உடனே அகராதி ஏறவில்லை. ஆனால் 2001இல் கான்பெராவில் திறக்கப்பட்ட ஆஸ்திரேலிய தேசிய அருங்காட்சியகம், தைலசின் காட்சிக்கூடத்தில் 'எண்ட்லிங்' என்ற சொல்லைப் பொருளோடு எழுதி வைத்தது. அங்கிருந்துதான் அது எழுத்தாளர்கள் கைக்கும் இசைக் கலைஞர்கள் கைக்கும் போனது.

தைலசின் என்பது டாஸ்மேனியப் புலி. முதுகில் வரிகள், நாய் போன்ற முகம், கங்காருவைப் போல வயிற்றுப் பையில் குட்டி. ஆடுகளைக் கொல்கிறது என்று குற்றம்சாட்டி, 1888 முதல் 1909 வரை பெரிய விலங்கு ஒன்றுக்கு ஒரு பவுண்டு வீதம் அரசே சன்மானம் தந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விலங்குகளுக்குப் பணம் கொடுத்த கணக்கு இருக்கிறது. சட்டப் பாதுகாப்பு வந்ததோ 1936 ஜூலை 10 அன்று. ஹோபார்ட் மிருகக்காட்சிசாலையில் இருந்த கடைசி விலங்கு செப்டம்பர் 7 அன்று செத்துப்போனது. இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

அதன் உடல் எங்கே என்பது எண்பது ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. குப்பையில் எறிந்திருப்பார்கள் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்கள். ராபர்ட் பாடில், கேத்ரின் மெட்லாக் என்ற ஆய்வாளர்கள் விடாமல் தேடினார்கள். உடல்களைப் பாடம் செய்பவர் எழுதிய பழைய அறிக்கை ஒன்றில் தடயம் கிடைத்தது. 2022 டிசம்பரில் விடை வெளியானது: எலும்பும் தோலும் டாஸ்மேனிய அருங்காட்சியகத்தின் அலமாரியிலேயே இருந்தன.

பொறி வைத்துப் பிடிப்பது அப்போதே சட்டவிரோதம் என்பதால் மிருகக்காட்சிசாலை அந்த விலங்கை வாங்கியதற்கே சரியான பதிவு இல்லை. அருங்காட்சியகப் பட்டியலிலும் ஏறவில்லை. எலும்புக்கூட்டைப் பிரித்து ஐந்து அட்டைகளில் பொருத்தி, தோலைப் பதனிட்டு, பாடம் நடத்தும் பொருளாக வைத்துக்கொண்டார்கள். ஒரு ஆசிரியர் அந்தத் தோலைப் பள்ளிகளுக்குத் தூக்கிப் போய்ப் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறார். கடைசித் தைலசினைத்தான் பார்க்கிறோம் என்று அந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது. 'பெஞ்சமின்' என்ற ஆண் விலங்காக உலகம் நினைவில் வைத்திருந்தது. அலமாரியில் கிடைத்ததோ வயதான பெண். இதைப் படித்தபோது எனக்கு அழிவைவிட இந்த அசட்டைதான் அதிகம் வலித்தது. கடைசி ஒன்று என்று தனியாகப் பெயர் சொல்லிப் பார்க்கும் பழக்கம் அன்றே இருந்திருந்தால், அதன் இறப்பை ஒரு பேரேட்டிலாவது எழுதி வைத்திருப்பார்கள்.

அதன் பின் வந்த கடைசிகளுக்கு அந்தக் கவனிப்பு கிடைத்தது. கலாபகஸ் தீவுகளின் பின்டா ஆமை 'லோன்சம் ஜார்ஜ்' 2012 ஜூன் 24 அன்று இறந்தபோது உலகப் பத்திரிகைகள் இரங்கல் எழுதின. அட்லாண்டா தாவரவியல் பூங்காவில் வாழ்ந்த 'டஃபி' என்ற மரத்தவளை 2016இல் போனபோதும் அப்படித்தான்.

இப்போது கென்யாவின் ஓல் பெஜெட்டா சரணாலயத்தில் வடக்கு வெள்ளைக் காண்டாமிருகங்கள் இரண்டு இருக்கின்றன. நஜின் தாய், ஃபட்டு மகள். கடைசி ஆண் சூடான் 2018 மார்ச் 19 அன்று இறந்துவிட்டது. இவை இரண்டும் கருச் சுமக்க முடியாதவை. ஃபட்டுவின் கருமுட்டைகளையும், இறந்த ஆண்களிடமிருந்து எடுத்து உறையவைத்த விந்தையும் சேர்த்து விஞ்ஞானிகள் கருக்களை உருவாக்கி வைத்திருக்கிறார்கள். தெற்கு வெள்ளைக் காண்டாமிருகத்தை வாடகைத் தாயாக வைத்துக் குட்டி பெறுவது திட்டம். தாயோ மகளோ தனித்து நிற்பதற்குள் ஒரு குட்டி பிறக்க வேண்டும். தன் இனத்தாரோடு பழகித்தான் அது காண்டாமிருகமாக வாழக் கற்றுக்கொள்ளும் என்கிறார்கள் அந்த விஞ்ஞானிகள்.