கேபினட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் கோலமாவை எடுங்கள்

ரிங்லெட்: தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு ரிங்லெட் பட்டணத்தில் சொந்த வீட்டுக்குக் குடிபோகும் குடும்பங்கள் முதலில் பணம் போடும் இடங்களில் ஒன்று சமையலறை. ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தில் ஒரு பகுதி கேபினட்டுக்கு என்று ஒதுக்கப்படும். கடைக்காரர் ஒரு படத்தைக் காட்டுவார். பளபளவென்று இருக்கும். ஆனால் அது நம் வீட்டுச் சமையலறைக்காக வரைந்த படம் அல்ல.

1929-இல் ஜே.ஏ. ரசல் கேமரன் மலையில் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அந்தத் தலைமுறைக்குச் சமையல் என்றால் விறகு அடுப்பு, தரையில் அம்மி, பக்கத்தில் அரிவாள்மனை. உட்கார்ந்து செய்யும் வேலை அதிகம். குளிருக்கு அடுப்பங்கரைதான் வீட்டின் கூடமும். இன்றைய கேபினட் சமையலறையோ முழுக்க நின்று வேலை செய்வதற்கென்று பிறந்தது. அது பிறந்த கதை தெரிந்தால் எங்கே ஏமாறுகிறோம் என்பதும் புரியும்.

1926-இல் ஜெர்மனியின் பிராங்பர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே ஷூட்டெ லிஹொட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் ஒரு சமையலறையை வடிவமைத்தார். அகலம் 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். ரயில் வண்டியின் உணவுப் பெட்டியில் இருக்கும் குறுகிய சமையலறை அவருக்கு ஒரு முன்மாதிரி. பெண்கள் எத்தனை அடி நடக்கிறார்கள், ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று கணக்கிட்டு, எல்லாப் பொருளும் கைக்கெட்டும்படி அமைத்தார். ஏறக்குறைய 10,000 வீடுகளில் அது பொருத்தப்பட்டது. இன்றைய கேபினட் சமையலறைகளுக்கு அதுவே மூதாதை.

ஆனால் அங்கே ஒருவர் மட்டுமே நின்று சமைக்க முடியும். பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே சமைக்க முடியவில்லை, இன்னொருவர் உள்ளே வந்தால் இடிக்கிறது என்று குடியிருந்தவர்கள் குறைப்பட்டார்கள். அதை வரைந்த காலத்தில் தமக்குச் சமைக்கவே தெரியாது என்பதை லிஹொட்ஸ்கியே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். மாமியார் காய் நறுக்க, மருமகள் தாளிக்க, பேத்தி தண்ணீர் குடிக்க உள்ளே வரும் நம் வீட்டில் அந்த அளவை அப்படியே வைத்தால் என்னவாகும்?

எட்டடி அகலம், பத்தடி நீளம் உள்ள சமையலறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கூடத்திலிருந்து நுழையும் வாசல் ஒரு குட்டைச் சுவரில், பின்வாசல் வலது நீளச் சுவரில். இடது நீளச் சுவரில் ஜன்னல் இருக்கிறது. இருபுறமும் இரண்டடி ஆழத்துக்குக் கேபினட் போட்டால் நடுவில் நான்கடி மிஞ்சும். இரண்டு பேர் முதுகு உரசாமல் வேலை செய்ய அந்த நான்கடி வேண்டும். அறை ஏழடிதான் என்றால் இருபுறக் கேபினட்டை மறந்துவிடலாம்.

இந்த அறைக்கு ‘ட’ எழுத்து வடிவம் பொருந்தும். நுழைந்ததும் இடப்பக்கம் குளிர்சாதனப் பெட்டி. அதையடுத்து ஓரடி மேடை, சந்தைப் பையை இறக்கி வைக்க. பிறகு ஜன்னலுக்குக் கீழே சிங்க். சிங்கைத் தாண்டி மூலை வரை ஏறக்குறைய மூன்றடி வெறும் மேடை. நறுக்குவது, பிசைவது எல்லாம் இங்கேதான். மூலை திரும்பி, எதிர்க் குட்டைச் சுவரில் ஓரடி விட்டு அடுப்பு. அடுப்புக்கு அந்தப் பக்கம் இறக்கி வைக்க இரண்டரை அடி. வலது சுவர் முழுவதும் காலி. மாவரைக்கவும், தீபாவளிக்கு நாலு பேர் தரையில் உட்கார்ந்து முறுக்குப் பிழியவும் அந்த இடம் வேண்டும்.

குளிர்பெட்டி, சிங்க், அடுப்பு மூன்றையும் கோட்டால் இணைத்தால் வரும் முக்கோணத்தின் ஒவ்வொரு பக்கமும் 4 முதல் 9 அடிக்குள், மொத்தம் 26 அடிக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பது 1940-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்திலிருந்து பரவிய விதி. மேலே சொன்ன அமைப்பில் மொத்தம் 15 அடிதான் வருகிறது. குளிர்பெட்டிக்கும் சிங்குக்கும் இடையே மூன்றடிதான். சின்னச் சமையலறையில் இதனால் ஒன்றும் கெட்டுவிடாது.

அக்னி மூலை பார்க்கிறவர்கள் தென்கிழக்கில் அடுப்பு வைக்க விரும்புவார்கள். அந்த மூலை கதவுக்கும் ஜன்னலுக்கும் நேராக அமைந்துவிட்டால், மலைக்காற்றில் தீ அணைந்து கேஸ் மட்டும் வெளியேறும் ஆபத்து உண்டு. அப்போது மூலையை விட்டுக்கொடுப்பதே நல்லது.

உயரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் கிடைக்கும் மேடை பெரும்பாலும் 34 முதல் 36 அங்குலம். ஐந்தடி உயரமுள்ள அம்மாவுக்கு அது தோளைத் தூக்க வைக்கும். முழங்கையை மடக்கி நின்று, அங்கிருந்து நான்கைந்து அங்குலம் கீழே அளந்தால் அவருக்குச் சரியான உயரம் கிடைக்கும். ஏறக்குறைய 32, 33 அங்குலம் வரும். அடுப்பு மேடையை அதற்கும் தாழ்வாகப் போட வேண்டும். மேடைமேல் அடுப்பு, அடுப்புமேல் குண்டான் என்று ஏறிவிட்டால் குழம்பைக் கிண்ட நுனிக்காலில் நிற்க வேண்டி வரும். சமைப்பவரைக் கடைக்கு அழைத்துப்போகாமல் வீட்டுக்காரர் மட்டும் போய் அளவு சொல்வது இங்கே வழக்கமாக நடக்கும் தவறு.

அடுத்தது கேஸ். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். சிலிண்டரை மூடிய கேபினட்டுக்குள் ஒளித்து வைப்பது பார்வைக்கு அழகு. கசிந்த கேஸ் அந்தப் பெட்டிக்குள்ளேயே நிறைந்து தீப்பொறிக்குக் காத்திருக்கும். சுவருக்கு வெளியே நிழலில் நிமிர்த்தி வைத்து, குழாயை உள்ளே கொண்டுவருவது மேல். முடியாவிட்டால் கேபினட் கதவின் அடிப்பகுதியில் காற்று போகும் திறப்பு கட்டாயம் வேண்டும்.

ரிங்லெட்டில் இன்னொரு பழக்கம், குளிர் என்று ஜன்னலை அடைத்துவிட்டுச் சமைப்பது. நாட்டின் 1984-ஆம் ஆண்டுச் சீர்மைக் கட்டட துணைவிதிகள், குடியிருப்பு அறையில் தரைப்பரப்பின் 10 விழுக்காடு ஜன்னலும், 5 விழுக்காடு காற்றுப் போகும் திறப்பும் இருக்க வேண்டும் என்கின்றன. நம் 80 சதுர அடிக்கு 8 சதுர அடி ஜன்னல், அதில் 4 சதுர அடி திறக்க வேண்டும். மேல் கேபினட்டுக்காக ஜன்னலில் பாதியை மறைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்க்கலாம். அடுப்புக்கு மேலே சுவரில் ஒரு புகைபோக்கி விசிறியும் வைத்துவிட்டால் மிளகாய் தாளிக்கும் நெடி கூடத்துக்கு வராது.

மூடுபனியில் சுவரே வியர்க்கும் ஊரில் அழுத்திய மரத்தூள் பலகை நிலைக்காது. தண்ணீர் பட்ட இடத்தில் உப்பி, கீல் கழன்றுவிடும். முதலில் போவது சிங்குக்குக் கீழ்ப்பகுதி. செங்கல் தாங்கலில் சிமெண்டு மேடை போட்டு டைல்ஸ் ஒட்டி, கதவு மட்டும் அலுமினியத்தில் வைத்தால் நீண்ட நாள் வரும். பணம் குறைவு என்றால் சிங்குக்குக் கீழாவது இப்படிச் செய்துகொள்ளலாம்.

இன்னும் தோட்டத்து வீட்டில் இருப்பவர்களுக்கு விஷயம் வேறு. வீடு நிர்வாகத்துடையது. சுவரில் அடித்த கேபினட்டைக் கழற்றிக்கொண்டு போக முடியாது. போனாலும் புது வீட்டு அளவுக்குப் பொருந்தாது. பலகைச் சுவராக இருந்தால் பாரமும் தாங்காது. காலுள்ள எவர்சில்வர் மேசை, தனி அலமாரி என்று வாங்கினால் லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம்.

சொந்த வீட்டுக்காரர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று. வெறும் தரையில் மேடை, சிங்க், அடுப்பு எல்லாவற்றையும் கோலமாவால் உண்மை அளவில் வரையுங்கள். கேஸ் அடுப்பையும் ஒரு மேசையையும் அந்தக் கோட்டுக்குள் வைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சமையலை வீட்டார் எல்லோருமாக அங்கே செய்து பாருங்கள். யார் யாரை இடிக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். அழித்து வரைய ஒரு துடைப்பம் போதும்.

பிறகு அந்த அளவுகளைத் தாளில் எழுதி, பலகை வகை, முடிக்கும் தேதி, எந்தக் கட்டத்தில் எவ்வளவு பணம் என்பதையும் சேர்த்து, காண்டிராக்டரிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். முன்பணம் வாங்கியவர் வராமல் போனால் மலேசியப் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் அங்கே காட்ட அந்தத் தாளும் பணம் கொடுத்த ரசீதும் கையில் இருக்க வேண்டும்.