பழைய அட்லஸின் வயது

நாணயம் திரட்டுவோரையும் அஞ்சல்தலை திரட்டுவோரையும் நாம் அறிவோம். இங்கிலாந்தின் பழைய கௌண்டி அட்லஸ்களைத் தேடித் திரட்டுவோரும் உண்டு என்பதை நூலகத்தில் ஒரு நூலைப் புரட்டியபோதுதான் நான் அறிந்தேன். கௌண்டி என்பது ஏறத்தாழ நம் மாவட்டம் போன்ற பிரிவு.

இவ்வகையில் முன்னோடி கிறிஸ்டோபர் சாக்ஸ்டன். நாடெங்கும் அளந்து வரைந்த 35 படங்களை 1579இல் அட்லஸாக வெளியிட்டார். வியப்பு என்னவெனில் அவற்றில் சாலைகளே இல்லை! அடுத்துப் புகழ்பெற்றது 1611ஆம் ஆண்டையொட்டி வந்த ஜான் ஸ்பீடின் அட்லஸ்.

கையிலுள்ள தாள் எப்போது அச்சானது? 'படத்திலேயே ஆண்டு போட்டிருக்கிறதே' என்பீர்கள். சூட்சுமமே அங்கேதான். அது தகடு செதுக்கிய ஆண்டு. தாள் அச்சான ஆண்டாக இருக்க வேண்டியதில்லை.

செப்புத் தகட்டில் கூர் உளியால் படத்தை இடவலம் மாற்றிச் செதுக்குவர். மை தடவி மேற்பரப்பைத் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத் தாளை மேலே வைத்து உருளைகளுக்கிடையே அழுத்த, தாள் அந்த மையை உறிஞ்சிக்கொள்ளும். தகட்டின் விளிம்பும் தாளில் பதிந்துவிடும். திருத்த வேண்டுமானால் தகட்டின் பின்புறம் தட்டி, முன்புறம் மழித்து, மீண்டும் செதுக்கலாம். சாக்ஸ்டனின் தகடுகள் கைமாறி 18ஆம் நூற்றாண்டிலும் அச்சாயின. 1645ஆம் ஆண்டுப் பதிப்பில் எலிசபெத் அரசியின் சின்னம் போய் முதலாம் சார்லஸின் சின்னம் ஏறியது.

ஸ்பீடின் படங்களுக்கோ பின்புறமே சாட்சி. அங்கே கௌண்டியைப் பற்றிய விளக்கம் ஈய எழுத்துகளால் தனியே அச்சிடப்பட்டது. என் தந்தையார் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டுக் கம்பாசிட்டராக வேலை பார்த்தவர். அச்சு முடிந்ததும் எழுத்தைப் பிரித்துப் போட்டுவிடுவார்கள், மறுபதிப்புக்குப் புதிதாகக் கோக்க வேண்டும் என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். தகடு அதேதான், ஆனால் பின்புற எழுத்தில் வரியமைப்பு மாறும், சொல்லெழுத்து மாறும். அதைக்கொண்டு பதிப்பைப் பிரித்தறிகிறார்கள். எங்கள் வீட்டுத் தொழிலுக்கு இப்படியும் ஒரு பயன்!

வேதியியல் மாணவனான என்னைப் பெரிதும் ஈர்த்தது பச்சை வண்ணம். அக்காலத்தில் வண்ணத்தைக் கையாலேயே தீட்டினர். பச்சைக்குப் பயன்பட்டது செம்பின் அசிட்டேட் உப்பு. அது நாளடைவில் தாளை அரித்துப் பழுப்பாக்கி, பின்புறமும் கறையாகத் தெரியும். அண்மையில் தீட்டிய வண்ணத்தில் இந்த அரிப்பைக் காண்பது அரிது.

வருந்தத்தக்க செய்தி ஒன்று. முழு அட்லஸைக் காட்டிலும் தனித்தனிப் படங்களாக விற்றால் கூடுதல் பணம் கிடைப்பதால், வணிகர் பலர் அட்லஸ்களைப் பிரித்தே விற்றுவிட்டனர். அப்படங்கள் சட்டமிடப்பட்டுச் சுவரில் தொங்குகின்றன. எழுத்தும் கறையும் உள்ள பின்புறம் அட்டைக்குள் மறைந்துவிட்டது. வாங்குபவர் முதலில் அந்த அட்டையைக் கழற்றிக் காட்டச் சொல்ல வேண்டும்.