பழைய எம்.ஜி.பி. காரின் டேஷ்போர்டைக் கழற்ற

எம்.ஜி.பி. என்ற இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தின் ஆபிங்டன் ஆலையில் தயாரானது. அதன் டேஷ்போர்டைக் கழற்ற இன்றைய ஒர்க் ஷாப்பில் கிடக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் செட் அதிகம் உதவாது. காரின் நட்டும் போல்ட்டும் பெரும்பாலும் அங்குலக் கணக்கில் ஆனவை. அதிலும் ஒரே வகை மரை கிடையாது.

டேஷ்போர்டை உடலோடு இணைக்கும் நட்டுகள் யு.என்.எஃப். என்ற அங்குல மரை கொண்டவை. கால் அங்குல போல்ட்டுக்கு 7/16 ஏ.எஃப். ஸ்பேனர் வேண்டும் (ஏ.எஃப். என்பது நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களுக்கு இடையிலான அகலம்). அது 11.1 மி.மீ.; ஆகவே 11 மி.மீ. ஸ்பேனர் நுழையாது, 12 ஆடி ஆடி நட்டின் முனைகளை மழுக்கிவிடும். ஸ்மித்ஸ் நிறுவன மீட்டர்களிலும் லூகாஸ் நிறுவன மின்சாதனங்களிலும் உள்ள பொடி நட்டுகளுக்கோ பி.ஏ. என்ற பழைய பிரிட்டிஷ் மரை. இதில் எண் கூடக் கூட அளவு சிறுக்கும்: 0 பி.ஏ. 6 மி.மீ., 2 பி.ஏ. 4.7 மி.மீ. இன்னும் பழைய கார்களில் விட்வொர்த் வகை வரும். அந்த ஸ்பேனரில் பொறித்த எண் நட்டின் அகலத்தைக் குறிக்காது, போல்ட்டின் தடிமனைக் குறிக்கும். புதிதாக வாங்குபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஸ்க்ரூக்களிலும் ஒரு கண்ணி உண்டு. தலையில் கூட்டல் குறியின் கைகளுக்கு நடுவே சாய்வாக மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது போசிட்ரிவ். சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவரைப் போட்டால் வழுக்கும், தலை தேயும்.

சுவிட்சுகளைப் பிடித்திருப்பது இரண்டு வெட்டு கொண்ட வட்ட நட்டு. இதற்கான தனிக் கருவி விற்பனைக்கு இருந்தாலும், அளவு பொருந்தும் இரும்புக் குழாயின் முனையை அரத்தால் ராவி இரண்டு பற்களை மட்டும் விட்டால் போதும். அதைவிட்டு மூக்குக் குறடால் திருகினால் நிச்சயம் முகப்பில் கீறல் விழும். சில குமிழ்களின் பக்கவாட்டில் சிறு துளை இருக்கும். மெல்லிய கம்பியால் உள்ளிருக்கும் ஸ்பிரிங் முளையை அழுத்திக்கொண்டே இழுத்தால் குமிழ் கையோடு வந்துவிடும்.

வேலைக்கு முன் பேட்டரி இணைப்பை எடுக்க வேண்டும். லூகாஸ் வயர்களில் பழுப்பு நிறத்தில் எப்போதும் மின்சாரம் இருக்கும், கறுப்பு எர்த். என்றாலும் நிறத்தை மட்டும் நம்பாமல் ஒவ்வொன்றுக்கும் சீட்டு ஒட்டுவது நல்லது, ஐம்பது ஆண்டுகளில் யார் எதை மாற்றினார்களோ!

மீட்டர்களின் பின்புறம் வளைந்த தகடும், விரலால் திருகும் நட்டுமே பிடிமானம். ஆயில் அழுத்தத்தையும் நீர் வெப்பத்தையும் சேர்த்துக் காட்டும் பழைய மீட்டரில்தான் நிதானம் தேவை. வெப்பப் பகுதியிலிருந்து என்ஜின் வரை ஓடும் மயிரிழை போன்ற செம்புக் குழாயில் ஆவியாகும் திரவம் அடைபட்டிருக்கிறது. அதை மீட்டர் முனையில் பிரிக்க முடியாது. சிலிண்டர் ஹெட்டில் உள்ள முனையைத்தான் கழற்ற வேண்டும். குழாய் மடிந்தாலோ ஒடிந்தாலோ மீட்டர் செத்தது போலத்தான்.

பி.ஏ., விட்வொர்த் ஸ்பேனர்கள் புதிதாகவும் கிடைக்கின்றன. மலிவாக வேண்டுவோர் பழைய உதிரிபாகச் சந்தைகளில் தேடுகிறார்கள். இங்கிலாந்தின் பியூலியில் 1967 முதல் நடக்கும் சந்தை இதற்குப் பெயர்போனது.