குண்டசாலை பஸ்ஸில் போட்ட முதல்

தனியார் முதலீடு என்றதும் எல்லோரும் நெடுஞ்சாலையைப் பார்க்கிறார்கள். நான் குண்டசாலையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸைப் பார்க்கிறேன். இலங்கையில் 1958இல் அரசுடைமையான பஸ் சேவையில், 1979இல் தனியாரை மீண்டும் அனுமதித்தார்கள். ஒரு பஸ், ஒரு பெர்மிட், தலைக்குமேல் லீசிங் கடன் என்று சிறு முதலாளிகள்தான் அதைத் தாங்குகிறார்கள்.

அன்றாட டிக்கெட் காசே வருமானம். அதனால்தான் தரிப்பிடத்தில் இன்ஜின் உறும, "இன்னும் ரெண்டு பேர்" என்று கொண்டக்டர் கூவ, பஸ் நகராது. பின்னால் இன்னொரு பஸ் தெரிந்ததும் வழியிலுள்ள தென்னக்கும்புர பாலம்வரை பறக்கும். சாரதியைத் திட்டிப் பயனில்லை; வருமானம் வரும் முறைதான் காரணம். லண்டனிலும் தனியார் கம்பனிகளே பஸ் ஓட்டுகின்றன. ஆனால் டிக்கெட் காசு நகரப் போக்குவரத்து நிர்வாகத்துக்கு. கம்பனிக்கு ஒப்பந்தக் கொடுப்பனவு.

இங்கோ கவனமெல்லாம் நெடுஞ்சாலையில்தான். மத்திய அதிவேகப் பாதையின் மீரிகம–குருநாகல் பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. கண்டிக் கிளையும் வந்தால் கார்கள் கூடும். ஆனால் கண்டி நகரின் வாவிக்கரைத் தெரு அகலாது. அரசாங்கம் முதலில் இந்தச் சிறு முதலாளிகளோடு ஓடும் கிலோமீட்டர் கணக்கில் கொடுப்பனவு தரும் ஒப்பந்தம் பேசட்டும்.