என்டர் தட்டினால் என்ன எழுதப்படுகிறது?

காலியான ஒரு ஃபோல்டருக்குள் போய், டெர்மினலின் கறுப்புத் திரையில் ‘என்பிஎம் இனிட்’ என்று அடித்தால் கேள்விகள் வரத் தொடங்கும். பேக்கேஜின் பெயர் என்ன? பதிப்பு எண் என்ன? இது எதற்கு? எந்தக் கோப்பிலிருந்து ஓட வேண்டும்? சோதித்துப் பார்க்கக் கட்டளை உண்டா? எழுதியவர் யார்? என்ன உரிமம்? பல கேள்விகளுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ஒரு பதிலும் தயாராக இருக்கும். அதுவே போதும் என்றால் என்டர் தட்டலாம். பெரும்பாலும் என்டர்தான் தட்டுகிறோம்.

தாலுகா அலுவலக வாசலில் மேசை போட்டு மனு எழுதித் தருபவரிடம் போயிருப்பவர்களுக்கு இது புதிதல்ல. நாம் வாய் திறக்கும் முன்பே பாதிப் படிவத்தை அவர் நிரப்பியிருப்பார். அநேகமாகச் சரியாகவும் இருக்கும். கையெழுத்து மட்டும் நம்முடையது.

கேள்விகள் முடிந்ததும் உருவாகும் கோப்பு பேக்கேஜ்.ஜேசன். அது எதற்கு என்று புரியக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். பிரவுசருக்கு வெளியேயும் ஜாவாஸ்கிரிப்டை ஓடவைக்கும் நோட்.ஜேஎஸ்ஸை ரயன் டால் 2009-இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டே, ஒருவர் எழுதிய நிரலை இன்னொருவர் எடுத்துப் பயன்படுத்துவதற்காக என்பிஎம்மை ஐசக் ஷ்லூட்டர் கொண்டுவந்தார். 2020-இல் அதை, நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப் வாங்கியது. என்பிஎம்மின் பொதுக் கிடங்கான ரெஜிஸ்ட்ரியில் உள்ள பேக்கேஜ்கள் பத்து லட்சத்தைத் தாண்டிப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவை ஒவ்வொன்றும் இன்னது, இன்ன பதிப்பு, ஓடுவதற்கு இன்னின்ன பேக்கேஜ்கள் வேண்டும் என்று சொல்வது இந்த ஒரு கோப்புதான். கையாலும் எழுதலாம். ஆனால் ஜேசன் என்ற கோப்பு வடிவம் கண்டிப்பான வாத்தியார். ஒரு காற்புள்ளி கூடினாலும் குறைந்தாலும் கோப்பு முழுவதையும் தள்ளிவிடும். அதனால்தான் எழுதித் தர ஒரு கட்டளை.

இந்தக் கட்டளை பதில்களை எங்கிருந்து எடுக்கிறது? மாயம் ஏதுமில்லை, அக்கம்பக்கம் பார்க்கிறது. ஃபோல்டரின் பெயரே பேக்கேஜின் பெயராகிறது. அதிலும் கொஞ்சம் ஒழுங்கு செய்யும்: பெரிய எழுத்துகளைச் சின்னதாக்கும், இடைவெளி இருந்தால் சிறுகோடு போடும், முன்னால் ‘நோட்-’ என்றோ பின்னால் ‘.ஜேஎஸ்’ என்றோ இருந்தால் நறுக்கிவிடும். உள்ளே ‘இன்டெக்ஸ்’ என்ற ஜாவாஸ்கிரிப்ட் கோப்பு இருந்தால் அதுதான் நுழைவாயில். இல்லாவிட்டால் ‘மெயின்’ என்பதைத் தேடும். நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் ‘கிட்’ கருவியின் அமைப்புக் கோப்பைத் திறந்து, நிரல் எந்த முகவரிக்கு ஏற்றப்படுகிறது என்றும் படித்துக்கொள்ளும். ஏற்கெனவே இறக்கி வைத்த பேக்கேஜ்களில் ‘மோக்கா’ என்ற சோதனைக் கருவி கண்ணில் பட்டால், சோதனை அதை வைத்துத்தான் நடக்கும் போலிருக்கிறது என்று ஊகிக்கும். ஃபோல்டருக்கு ‘நூலகம்’ என்று தமிழில் பெயர் வைத்திருந்தால் மட்டும் முரண்டு பிடிக்கும். இணைய முகவரியில் அப்படியே எழுதக்கூடிய எழுத்துகள்தான் பெயரில் வரலாம் என்று சொல்லி, மறுபடி கேட்கும்.

இவையெல்லாம் கண்ணால் பார்த்து எழுதுபவை. தவறினாலும் பெரிய சேதமில்லை. இரண்டு பதில்கள் அப்படியல்ல. பதிப்பு எண்ணும் உரிமமும் ஃபோல்டருக்குள் எங்கும் எழுதி வைத்திருப்பவை அல்ல, எழுதியவர் முடிவு செய்ய வேண்டியவை. அவற்றுக்கும் கருவி பதில் வைத்திருக்கிறது: 1.0.0, ஐஎஸ்சி.

முதலில் எண். கிட்ஹப்பை நிறுவியவர்களில் ஒருவரான டாம் பிரெஸ்டன்-வெர்னர் எழுதிய ‘செமான்டிக் வெர்ஷனிங்’ விதிகளைத்தான் என்பிஎம் பின்பற்றுகிறது. அந்த விதிப்படி, 0-இல் தொடங்கும் எண் என்றால் இன்னும் வேலை நடக்கிறது, எதுவும் மாறலாம் என்று பொருள். 1.0.0 என்றால் வெளியாட்கள் நம்பி இறங்கலாம். புதிதாகத் தொடங்குபவர்கள் 0.1.0 என்று வையுங்கள் என்றே அந்த விதிகளோடு உள்ள கேள்வி-பதில் பகுதி சொல்கிறது. நேற்று ராத்திரி தொடங்கிய, இன்னும் ஒரு வரிகூட எழுதாத திட்டத்துக்குக் கருவி 1.0.0 என்று எழுதிக்கொடுக்கிறது.

எண்தானே என்று விட முடியாது. உங்கள் பேக்கேஜை இன்னொருவர் நிறுவும்போது, அவருடைய பேக்கேஜ்.ஜேசனில் ‘^1.0.0’ என்று பதிவாகும். முன்னால் நிற்கும் அந்தக் கூரைக் குறிக்கு, 2.0.0 வருவதற்குள் எந்தப் புதிய பதிப்பு வந்தாலும் ஏற்றுக்கொள்ளலாம் என்று பொருள். அதுவே ‘^0.1.0’ என்று இருந்தால் 0.2.0-க்கு முன்னாலேயே கதவு மூடிவிடும். ஆரம்ப நிலைதானே என்று நினைத்து நீங்கள் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றி 1.1.0 என்று வெளியிட்டால், எங்கோ ஒருவருடைய திட்டம் காரணம் தெரியாமல் நின்றுபோகும். நடந்ததெல்லாம் இரண்டாவது கேள்விக்கு நீங்கள் தட்டிய என்டர். வெளியிட்ட 1.0.0-ஐப் பின்னால் நீக்கினாலும், அதே பெயரில் அதே எண்ணை மறுபடி பயன்படுத்த என்பிஎம் விடாது.

உரிமம் இதைவிட நுட்பமானது. ஐஎஸ்சி என்பது இன்டர்நெட் சிஸ்டம்ஸ் கன்சார்டியத்தின் பெயரால் வழங்கும் சில வரி உரிமம். ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தில் புதிய நிரல்களுக்கு விரும்பிப் பயன்படுத்துவதும் அதுதான். யாரும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம், பதிப்புரிமை வரியையும் உரிம வாசகத்தையும் மட்டும் விட்டுவைக்க வேண்டும். நல்ல உரிமம்தான். ஆனால் கம்பெனியின் உள் கணக்குவழக்குக்காக எழுதிய, வெளியே போகவே கூடாத நிரலின் தலையிலும் அந்தப் பெயர் உட்கார்ந்துகொள்கிறது. நீதிமன்றத்தில் அது எப்படி நிற்கும் என்பது வேறு விஷயம். உரிமங்களைத் தணிக்கை செய்யும் மென்பொருள்கள் அந்த வரியை அப்படியே நம்பும். எழுதியவர் யோசித்துச் சொன்னதா, தூக்கக் கலக்கத்தில் என்டர் தட்டியதா என்று அவற்றுக்குத் தெரியாது.

இதே வேலையை வேறு மாதிரிச் செய்பவர்களும் உண்டு. 1993-இல் இயன் மர்டாக் தொடங்கிய டெபியன் லினக்ஸில் ‘டிஎச் மேக்’ என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதுவும் பேக்கேஜ் விளக்கக் கோப்புகளை உருவாக்கித் தரும். ஆனால் தெரியாததை ஊகித்து எழுதாது. என்ன பிரிவு என்ற இடத்தில் ‘தெரியாது’ என்று எழுதும். சுருக்க விளக்கத்துக்கான இடத்தில், 60 எழுத்துக்குள் இங்கே எழுதவும் என்று கூர்முனை அடைப்புக்குள் குறிப்பு வைக்கும். நிரப்பாமல் அப்படியே கொண்டுபோனால் மாட்டிக்கொள்வீர்கள். பேக்கேஜ்களைச் சோதிக்கும் ‘லின்டியன்’ என்ற கருவியில், டிஎச் மேக் விட்டுச்சென்ற வார்ப்பு வாசகங்கள் மீதி இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கென்றே தனிச் சோதனைகள் இருக்கின்றன. மனிதர்கள் படிவத்தைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு.

ரஸ்ட் மொழியின் பேக்கேஜ் கருவியான ‘கார்கோ’ நடுவழி. எண்ணை 0.1.0 என்று போடுகிறது. உரிம வரியை எழுதுவதே இல்லை. உரிமமும் விளக்கமும் இல்லாமல் பொது ரெஜிஸ்ட்ரிக்குக் கொண்டுபோனால் அங்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். முன்பெல்லாம் எழுதியவரின் பெயரைக் கிட் அமைப்பிலிருந்து எடுத்துத் தானே நிரப்பிக்கொண்டிருந்தது. 2021-இல் அதையும் நிறுத்திவிட்டார்கள். வெளியான பதிப்பிலிருந்து ஒரு பெயரைப் பின்னால் எடுக்கவோ மாற்றவோ முடியாது என்பது ஒரு காரணம்.

என் கட்சி டெபியன் பக்கம். ஆனாலும் என்பிஎம்முக்கு ஒரு நியாயம் சொல்ல வேண்டும். சோதனைக் கட்டளை என்ன என்ற கேள்விக்கு நாம் பதில் தராமல் விட்டால், அது பொய்யாக எதையும் நிரப்புவதில்லை. ‘பிழை: சோதனை எதுவும் குறிப்பிடப்படவில்லை’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டுவிட்டுத் தோல்வியோடு வெளியேறும் ஒரு வரியை எழுதி வைக்கிறது. பிறகு எப்போது சோதனையை ஓட்டினாலும் சிவப்பாகத் திட்டும். உரிமத்துக்கும் இப்படி ஒரு வரி வைத்திருக்கலாம்.

வைக்கும்வரை கருவியை நாமே பழக்கிக்கொள்ளலாம். ‘என்பிஎம் கான்ஃபிக் செட்’ என்ற கட்டளையால் ‘இனிட்-வெர்ஷன்’ என்பதை 0.1.0 என்று ஒருமுறை மாற்றினால், அடுத்த திட்டத்திலிருந்து அடைப்புக்குறிக்குள் அந்த எண்தான் வரும். ‘இனிட்-லைசென்ஸ்’ என்பதையும் அப்படியே மாற்றலாம். வெளியே போகக்கூடாத திட்டமாக இருந்தால், கோப்பில் ‘பிரைவேட்’ என்பதற்கு எதிரே ‘ட்ரூ’ என்று எழுதிவிட்டால் தவறுதலாகக்கூட ரெஜிஸ்ட்ரிக்கு ஏற்ற முடியாது. உரிமத்தின் இடத்தில் ‘அன்லைசென்ஸ்ட்’ என்று போட வேண்டும், யாருக்கும் உரிமை தரவில்லை என்பதற்கான சொல் அது. அடிக்கும்போது மட்டும் கவனம். கடைசி எழுத்தை விட்டு ‘அன்லைசென்ஸ்’ என்று அடித்துவிட்டால் அது வேறொரு உரிமத்தின் பெயர். நிரல் மீதான எல்லா உரிமையையும் விட்டுக்கொடுத்து, அதை உலகத்துக்கே பொதுவாக்குகிற உரிமம் அது.